கூட்டத்தின் குரலை வெட்டிய கத்தரி: ஒபாமா உரைத்தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

பராக் ஒபாமா 2004 முதல் 2008 வரை அரசியல் மேடைகளில் ஆற்றிய எட்டு உரைகளை ஒரு பென் டிரைவில் ஏற்றி, அவற்றின் ஆங்கில மூலத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் 240 பக்கக் கையேடாக அச்சிட்டு, இரண்டையும் ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து 650 ரூபாய்க்கு விற்கிறார்கள். கல்லூரி மாணவர்களுக்கு மேடைப்பேச்சுப் பயிற்சி அளிப்பவன் என்பதால் வகுப்புக்குப் பயன்படும் என்று கருதி, சென்ற மாதம் ஒரு புத்தகக் கண்காட்சியில் இதை வாங்கினேன். பதிப்பகத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. குறைகளை அவர்களுக்கே கடிதமாக அனுப்பிவிட்டேன், பதிலும் வந்துவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன். இதே வகைத் தொகுப்புகள் வேறு சிலவும் கடைகளில் கிடைப்பதால், ஓர் அரசியல் உரையின் ஒலிப்பதிவை வாங்குபவர் எதைக் கவனித்து வாங்க வேண்டும் என்பதற்கு இந்த மதிப்புரை உதவலாம்.

வகுப்புக்கு வாங்கினேன் என்பது பாதி உண்மைதான். 2008-ஆம் ஆண்டில் நான் சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையிலிருந்த ஒரு கால் சென்டரில் இரவுப் பணியில் இருந்தேன். கடன் அட்டைக்குப் பணம் கட்டத் தவறிய அமெரிக்கர்களைத் தொலைபேசியில் அழைத்து, நிலுவையை எப்போது கட்டுவீர்கள் என்று கேட்பது என் வேலை. வீட்டுக்கடன் நெருக்கடி அங்கே முற்றிக்கொண்டிருந்த காலம் அது. வேலை போனவர்கள், வீட்டை வங்கியிடம் இழக்கவிருந்தவர்கள், கணவரின் மருத்துவச் செலவை அட்டையில் ஏற்றிவிட்டுத் திகைத்து நின்றவர்கள் என்று ஓர் இரவில் நூறு பேரிடமாவது பேச வேண்டியிருக்கும். அவர்களில் பெரும்பாலானவர்கள் கோபப்படுவதில்லை; களைத்த குரலில் ‘என்னால் முடியாது’ என்று மட்டும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது இரண்டே சொல். இரவு முழுவதும் ஹெட்செட்டில் அந்த இரண்டு சொற்களைக் கேட்டுக் கேட்டு, காலையில் கம்பெனி வண்டிக்குக் காத்திருக்கும்போதும் காதில் அவையே ஒலித்துக்கொண்டிருக்கும்.

2008 ஜனவரி 9 அன்று காலை ஒன்பது மணிக்கு மேல், பணி முடிந்து சாப்பாட்டு அறையில் காபிக்கு நின்றுகொண்டிருந்தபோது, அங்கிருந்த தொலைக்காட்சியில் ஒபாமா பேசிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் அப்போது முந்தைய நாள் இரவு. கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் அவர் வெல்வார் என்றே கருத்துக்கணிப்புகள் சொல்லியிருந்தன. ஆனால் ஹிலாரி கிளின்டன் வென்றுவிட்டார். நாஷுவா என்ற ஊரில், தோற்றவர் என்ற நிலையில், எதிராளிக்கு வாழ்த்துச் சொல்லித் தொடங்கிய அந்தப் பேச்சின் பிற்பகுதியில்தான் ‘யெஸ் வி கேன்’ என்ற வரி திரும்பத் திரும்ப வந்தது. இரவெல்லாம் ‘முடியாது’ என்று கேட்டுவிட்டு வந்த என்னை அது நிறுத்தியதில் வியப்பில்லை. ஒரு வேட்பாளரின் பேச்சு எனக்கு வாக்குரிமையே இல்லாத ஒரு நாட்டின் மீது நம்பிக்கை கொள்ள வைத்தது என்பதை அப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்ற கூச்சம். பதினாறு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்ட பிறகு அதே ஈர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காகவும்தான் 650 ரூபாயைக் கொடுத்தேன்.

தொகுப்பில் உள்ளவை இவை: 2004 ஜூலை 27 அன்று பாஸ்டனில் நடந்த ஜனநாயகக் கட்சியின் தேசிய மாநாட்டில் ஆற்றிய உரை, 2007 பிப்ரவரி 10 அன்று இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் வேட்பாளராக அறிவித்துக்கொண்ட உரை, அதே ஆண்டு நவம்பரில் ஐயோவாவில் கட்சி விருந்தில் பேசியது, நாஷுவா உரை, இன உறவுகள் குறித்து 2008 மார்ச் 18 அன்று ஃபிலடெல்ஃபியாவில் பேசியது, ஆகஸ்ட் 28 அன்று டென்வர் விளையாட்டரங்கில் வேட்பாளர் தகுதியை ஏற்றுக்கொண்ட உரை, வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவு வர்ஜீனியாவின் மனாசஸில் நடந்த இறுதிக் கூட்டம், நவம்பர் 4 இரவு சிகாகோவின் கிராண்ட் பூங்காவில் ஆற்றிய வெற்றி உரை. தேர்வு மோசமில்லை. ஆனால் 2008 ஜனவரி 3 அன்று ஐயோவாவில் 38 விழுக்காடு வாக்குகளுடன் முதலிடம் பெற்ற இரவில் அவர் பேசியதை விட்டுவிட்டது பெரிய பிழை. அந்த வெற்றிக்கு ஐந்தே நாள் கழித்து வந்தது நாஷுவாவின் தோல்வி. முன்னதைக் கேளாமல் பின்னதைக் கேட்பவருக்கு அந்த இறக்கத்தின் ஆழம் தெரியாது. போதாக்குறைக்கு, கோப்புகளைக் கால வரிசையிலும் அடுக்காமல், வெற்றி உரையைத் தூக்கி முதலில் வைத்திருக்கிறார்கள். முடிவைத் தெரிந்துகொண்டு கேட்கும் நம்பிக்கை, நம்பிக்கையே அல்ல. அது வெறும் தகவல்.

பாஸ்டன் உரை மூன்றாவது கோப்பாக இருக்கிறது. ஒபாமா அப்போது ஒரு மாநிலச் செனட்டர் மட்டுமே. அமெரிக்கச் செனட் சபைக்கு இல்லினாயிலிருந்து போட்டியிட்டுக்கொண்டிருந்தார். அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு ஆதரவு திரட்டுவதற்காகக் கிடைத்த சுமார் 17 நிமிடங்களில் அவர் தன்னை நாட்டுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டார். கென்யாவின் ஒரு சிற்றூரில் ஆடு மேய்த்து, தகரக் கூரை வேய்ந்த பள்ளியில் படித்த தந்தையின் கதையைச் சொல்லித் தொடங்கி, சிகாகோவின் தெற்குப் பகுதியில் எழுத்தறியாத ஒரு குழந்தை இருந்தால், அது என் குழந்தையாக இல்லாவிட்டாலும் என்னைப் பாதிக்கிறது என்றும், மருந்துக்கும் வாடகைக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் ஒரு முதியவர் இருந்தால், அவர் என் தாத்தாவோ பாட்டியோ அல்ல என்றாலும் என் வாழ்வு வறுமைப்படுகிறது என்றும் அடுக்கிச் செல்லும் பகுதி, வகுப்பில் பாடமாக வைக்கத் தக்கது. அடுக்குமொழி நமக்குப் புதிதல்ல. எதுகையும் மோனையும் கலந்த மேடைப்பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அத்தகைய பேச்சில் ஒலி முன்னே சென்று பொருளை இழுத்து வருவதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இங்கே ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு புதிய ஆள் வந்து நிற்கிறார்: குழந்தை, முதியவர், வழக்கறிஞரின் உதவியின்றிப் பிடித்துச் செல்லப்படும் அரபு அமெரிக்கக் குடும்பம். ஒலிக்காக ஒரு சொல்லைக்கூடக் கூடுதலாகச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

இந்தத் தொகுப்பின் தலையாய குற்றம் ஒலிப்பதிவில்தான் இருக்கிறது. அட்டையில் ‘இரைச்சல் நீக்கப்பட்ட தெளிவான ஒலி’ என்று பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். அவர்கள் இரைச்சல் என்று சொல்வது கூட்டத்தின் குரலை. கைதட்டல், ஆரவாரம், பேச்சாளர் அது அடங்கக் காத்திருக்கும் இடைவெளி ஆகிய மூன்றையும் வெட்டியெடுத்து, பேச்சை மட்டும் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். நாஷுவா உரையின் மூலப்பதிவு சுமார் 13 நிமிடம். இந்தத் தொகுப்பில் அது 9 நிமிடத்துக்குச் சுருங்கிவிட்டது. அந்த உரையில் ‘யெஸ் வி கேன்’ என்பதை ஒபாமா முதலில் சொல்லும்போது அது அவருடைய வரி. இரண்டு மூன்று முறை கழிந்ததும் கூட்டம் அதைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு அவர் வாக்கியத்தைத் தொடங்கி வைக்க, கூட்டம் முடித்துக்கொடுக்கிறது. கறுப்பினத் தேவாலயங்களில் போதகர் சொல்வதும் சபை மறுமொழி சொல்வதுமாக நடக்கும் வழிபாட்டின் மரபு அது. அந்த மறுமொழியைக் கத்தரித்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன? ஒரே வரியை ஒருவர் விடாமல் தனியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல் ஒலிக்கிறது. கூட்டத்தின் ஒலி அவர் குரலின் மேல் ஏறிய இடங்களில் சொல்லின் தலையோ வாலோ அறுபட்டிருக்கிறது. காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு கேட்டால் ஒவ்வொரு வெட்டும் சின்னச் சொடுக்காகக் கேட்கிறது.

கத்தரி செய்த இதே வேலையைக் கையேட்டில் மொழிபெயர்ப்பும் செய்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் பிழைத்திருப்பதுதான் வியப்பு. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான் உண்டு. கேட்பவரையும் சேர்த்துச் சொல்கிறோமா, விலக்கிச் சொல்கிறோமா என்பதை ஆங்கிலேயர் சூழலை வைத்தே ஊகித்துக்கொள்ள வேண்டும். தமிழில் அந்த வசதியும் இல்லை, அந்தச் சாக்கும் இல்லை. ‘நாம்’ என்றோ ‘நாங்கள்’ என்றோ வாயைத் திறக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். நாஷுவா உரையின் மொழிபெயர்ப்பில் முதல் மூன்று இடங்களில் ‘ஆம், நம்மால் முடியும்’ என்று சரியாக எழுதியவர், பக்கம் திருப்பியதும் ‘ஆம், எங்களால் முடியும்’ என்று எழுதத் தொடங்கி, கடைசிவரை அப்படியே கொண்டுபோய்விட்டார். கவனப்பிழையாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஒரு சொல்லின் பிசகில் உரை தலைகீழாகிவிடுகிறது. ‘எங்களால் முடியும்’ என்பது ஆட்சியைப் பிடிக்க நினைக்கும் எந்தக் கட்சியும் மக்களைப் பார்த்துச் சொல்லும் சொல். உட்கார்ந்து பாருங்கள், நாங்கள் செய்து தருகிறோம் என்பது அதன் பொருள். அன்றைய மேடையில் நடந்ததோ அதற்கு நேர்மாறானது. பதவி கேட்டு வந்தவர், வேலையில் பாதி உங்களுடையது என்று கேட்பவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு 2008-இல் கிடைத்த நம்பிக்கை எதுவாக இருந்தாலும், அது ‘நாம்’ என்ற இந்த உளப்பாட்டுத் தன்மைப் பன்மையிலிருந்துதான் கிடைத்தது என்று இப்போது தோன்றுகிறது. தொலைபேசியில் கேட்ட ‘என்னால் முடியாது’ பொய்யல்ல, தனியாளால் முடியாதுதான்.

அந்த முழக்கம் ஒபாமா கண்டெடுத்ததும் அல்ல. 1972-இல் சீசர் சாவேஸ், டொலோரெஸ் ஹுவேர்ட்டா ஆகியோர் நடத்திய பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தில் ஸ்பானிய மொழியில் பிறந்தது அது. ஹுவேர்ட்டாவுக்கு 2012-இல் விருதளித்தபோது ஒபாமாவே அந்தக் கடனை மேடையில் ஒப்புக்கொண்டார். கையேட்டின் முன்னுரையில் இதைப் பற்றி ஒரு வரியாவது இருந்திருக்கலாம். அதற்குப் பதிலாக ஒபாமாவின் உயரம், பிடித்த விளையாட்டு, வளர்ப்பு நாய் ஆகியவற்றுக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மொழிபெயர்ப்பில் இன்னும் இரண்டு இடங்களைச் சுட்டாமல் விட முடியவில்லை. நாஷுவா உரையில், நம்மை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று கடவுள் வாக்குக்கொடுத்த நாட்டுக்கு வழிகாட்டிய ‘கிங்’ என்று ஒபாமா குறிப்பிடுவது மார்ட்டின் லூதர் கிங்கை. 1968 ஏப்ரல் 3 அன்று மெம்ஃபிஸில், கொல்லப்படுவதற்கு முந்தைய நாள், மலையுச்சியைப் பார்த்துவிட்டேன் என்று அவர் பேசியதை நினைவூட்டும் சொல்விளையாட்டு. கையேட்டில் அவர் ‘ஒரு மன்னன்’ ஆகிவிட்டார். முடியாட்சியை எதிர்த்துப் பிறந்த நாட்டின் தேர்தல் மேடையில் மன்னனுக்கு என்ன வேலை என்று மெய்ப்புப் பார்த்தவராவது கேட்டிருக்கலாம். அதே உரையில் டில்லனில் உள்ள இடிந்த பள்ளிக்குச் செல்லும் சிறுமி ஒருத்தி வருகிறாள். டில்லன் தெற்குக் கரோலினாவில் உள்ள ஓர் ஊர். கையேடு அதைச் சிறுமியின் பெயராக்கிவிட்டது.

இன்னொரு பிரச்சினைக்கு மொழிபெயர்ப்பாளரை அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் ‘நம்பிக்கை’ என்ற ஒரு சொல்லே பல வேலைகளைச் சுமக்கிறது. கடவுள் மேல் வைப்பதும் நம்பிக்கை, கடன் கொடுத்தவர் வாங்கியவர் மேல் வைப்பதும் நம்பிக்கை, நாளை விடியும் என்று எண்ணுவதும் நம்பிக்கை. பாஸ்டன் உரையிலோ ஒபாமா இவற்றைப் பிரித்துக் காட்டத்தான் பாடுபடுகிறார். வேலையின்மையைப் பற்றி நினைக்காமல் இருந்தால் அது தானே போய்விடும் என்று எண்ணும் கண்மூடித்தனமான மனநிலையைப் பற்றி நான் பேசவில்லை என்று முதலில் விலக்கிவிட்டு, நெருப்பைச் சுற்றி அமர்ந்து விடுதலைப் பாடல் பாடிய அடிமைகள், தொலைதூரக் கரைகளை நோக்கிப் புறப்பட்ட குடியேறிகள் ஆகியோரிடம் இருந்தது எதுவோ அதையே தான் சொல்வதாக விளக்குகிறார். கையேட்டில் விலக்கப்பட்டதற்கும் ஏற்கப்பட்டதற்கும் ‘நம்பிக்கை’ என்ற அதே சொல் நிற்பதால், நம்பிக்கையைப் பற்றி நான் பேசவில்லை, நம்பிக்கையைப் பற்றித்தான் பேசுகிறேன் என்று படிக்க நேர்கிறது. முதல் இடத்தில் ‘எல்லாம் தானே சரியாகிவிடும் என்ற மிதப்பு’ என்று நீட்டி எழுதியிருந்தால் சிக்கல் தீர்ந்திருக்கும். வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

கத்தரியிலிருந்து பெரும்பாலும் தப்பிய உரை ஃபிலடெல்ஃபியாவில் நிகழ்ந்தது. சுமார் 37 நிமிட உரை. தேசிய அரசமைப்பு மையத்தில் அமைதியான அவையின் முன் பேசியது. கைதட்டலே குறைவு என்பதால் வெட்டவும் அதிகம் இல்லை. ஒபாமாவின் தேவாலயப் போதகராக இருந்த ஜெரமையா ரைட் அமெரிக்காவைச் சபித்துப் பேசிய பதிவுகள் தொலைக்காட்சிகளில் ஓடி, வேட்பாளரே மூழ்கிவிடுவாரோ என்ற நிலை வந்தபோது அவர் இதைப் பேசினார். ‘மக்களாகிய நாம்’ என்று அமெரிக்க அரசமைப்பின் முதல் வரியில் தொடங்குகிறது. ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று பள்ளிப் புத்தகத்தின் முன்பக்கத்தில் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். அந்த ‘நாம்’ எழுதப்பட்ட நாளில் அடிமைகள் அதற்குள் இல்லை என்பதே உரையின் முதல் வாதம். பிறகு கறுப்பினத்தவரின் கோபத்தை அவர் மறைக்காமல் சொல்கிறார். வெள்ளையினத் தொழிலாளர்களின் மனக்கசப்பையும், அது வெறும் இனவெறி என்று தள்ளிவிடாமல் சொல்கிறார். போதகரின் பேச்சைக் கண்டித்துவிட்டு, அவரைக் கைவிடுவது என் வெள்ளையினப் பாட்டியைக் கைவிடுவதற்குச் சமம் என்கிறார். தன்னை வளர்த்து ஆளாக்கிய அதே பாட்டி, தெருவில் கறுப்பின ஆண்கள் கடந்து சென்றால் பயமாக இருக்கிறது என்று ஒருமுறை சொன்னதையும் ஒளிக்காமல் சேர்த்துக்கொள்கிறார். வாக்குக் கேட்டு நிற்பவர் பேசத் துணியாத விஷயங்கள் இவை.

அந்த உரையின் முடிவில் தெற்குக் கரோலினாவின் ஃபிளாரன்ஸ் நகரில் நடந்த ஒரு சிறு கூட்டம் வருகிறது. பிரச்சாரத் தொண்டரான 23 வயது வெள்ளையினப் பெண் ஒருத்தி, தான் ஒன்பது வயதாக இருந்தபோது தாய்க்குப் புற்றுநோய் வந்து வேலை போனதையும், செலவைக் குறைப்பதற்காகத் தனக்குப் பிடித்த உணவு அதுதான் என்று தாயை நம்பவைத்துக் கடுகுச் சாந்து தடவிய ரொட்டியையே ஓராண்டு தின்றதையும் சொல்கிறாள். பிறகு அங்கிருந்தவர்கள் ஒவ்வொருவரும் ஏன் வந்தோம் என்று சொல்லிக்கொண்டே வர, அதுவரை பேசாமல் இருந்த ஒரு கறுப்பின முதியவரின் முறை வருகிறது. பொருளாதாரம் என்றோ போர் என்றோ அவர் சொல்லவில்லை. இந்தப் பெண்ணுக்காக வந்தேன் என்கிறார். இது மட்டும் போதாது, ஆனால் இங்கிருந்துதான் தொடங்குகிறோம் என்று ஒபாமா முடிக்கிறார். பேச்சுப் பயிற்சி தருபவனாக எனக்கு இதில் பிடித்தது, ‘போதாது’ என்று அவரே சொல்லிவிடுவதுதான். உரையை நெகிழ்ச்சியோடு நிறுத்தியிருந்தால் கூட்டம் கண்ணீர் விட்டிருக்கும். கணக்குச் சரியாக இருந்திருக்காது. சரியாக ஆறு வாரம் கழித்து, ரைட் மீண்டும் பொதுமேடையில் பேசியதைத் தொடர்ந்து, ஒபாமா அவரிடமிருந்து முற்றிலும் விலகிக்கொண்டார் என்பதைக் கையேடு சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற உரைகளைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஸ்பிரிங்ஃபீல்ட் உரையில் கடுங்குளிரும் லிங்கனின் நினைவும் உண்டு. பேச்சு சற்று விறைப்பு. ஐயோவா விருந்து உரை கூர்மையானது. ஏறத்தாழ 84,000 பேர் திரண்ட டென்வர் உரை, திட்டங்களை வரிசைப்படுத்தும் அறிக்கை போன்றது. கூட்டத்தின் ஒலியையும் எடுத்துவிட்ட பிறகு அதை முழுவதும் கேட்க எனக்குப் பொறுமை இருக்கவில்லை. கிராண்ட் பூங்கா உரையில் அட்லாண்டாவைச் சேர்ந்த 106 வயது மூதாட்டி கண்ட நூற்றாண்டை விவரிக்கும் பகுதி இன்றும் நெஞ்சைத் தொடுகிறது.

இத்தகைய தொகுப்பை இன்று கேட்பவர், பேசியவர் பிறகு என்ன செய்தார் என்று கேட்காமல் இருக்க முடியாது. அன்றே கேட்டார்கள். நியூ ஹாம்ப்ஷயர் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு நடந்த விவாதத்தில், பொய்யான நம்பிக்கையை வளர்க்காதீர்கள் என்று ஹிலாரி கிளின்டன் சொன்னார்; நம்பிக்கையில் பொய்யானது எதுவும் இருந்ததில்லை என்ற நாஷுவா வரி அதற்கான விடை. பிப்ரவரியில், வெறும் சொற்கள்தானா என்று கேட்டு ஒபாமா பேசிய ஒரு பகுதி, நண்பரும் மாசசூசெட்ஸ் ஆளுநருமான டெவால் பேட்ரிக் முன்பு பேசியதிலிருந்து எடுத்தது என்று தெரியவந்தது; பெயரைச் சொல்லியிருக்க வேண்டும் என்று ஒபாமா ஒப்புக்கொண்டார். பதவியேற்ற இரண்டாம் நாளில் குவாண்டானமோ சிறையை ஓராண்டுக்குள் மூட ஆணையிட்டார். எட்டு ஆண்டு முடிந்து அவர் வெளியேறும்போதும் அது திறந்தே இருந்தது. மறுபக்கம், 2010 மார்ச்சில் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. கணவரின் மருத்துவச் செலவை அட்டையில் ஏற்றிவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்ட பெண்மணிகளை அன்று நினைத்துக்கொண்டேன். தேர்தலில் கவிதையாகப் பேசுகிறோம், ஆட்சியை உரைநடையில் நடத்துகிறோம் என்று நியூயார்க் ஆளுநராக இருந்த மாரியோ குவோமோ சொன்னது பெரும்பாலும் சரி. அதற்காகக் கவிதைக்குக் கொடுத்த காதைத் திரும்பக் கேட்க நான் தயாராக இல்லை.

பெட்டியில் நான் அதிகம் கேட்டது எட்டாவது கோப்பை, மனாசஸ் உரை. 2008 நவம்பர் 3 இரவு. ஃபிலடெல்ஃபியாவில் குறிப்பிட்ட அதே பாட்டி ஹவாயில் இறந்துவிட்ட செய்தி அன்றுதான் வெளியாகியிருந்தது. 1964-க்குப் பிறகு அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிக்காத வர்ஜீனியாவில், தொண்டை கட்டிய குரலில், அவர் கொள்கை பேசாமல் ஒரு கதை சொல்கிறார். பிரச்சாரம் தேறாது என்று பலரும் எண்ணியிருந்த தொடக்க நாள்களில், ஒரு வாக்குறுதிக்காக, தெற்குக் கரோலினாவின் கிரீன்வுட் என்ற ஊருக்கு அதிகாலையில் புறப்பட்டுப் போகிறார். மழை, குடை ஒடிந்துவிடுகிறது, செய்தித்தாளில் தன்னைப் பற்றி மோசமான கட்டுரை, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்தால் அறையில் இருபது பேர், அவர்களும் தூக்கக் கலக்கத்தில். கைகுலுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், ‘உசுப்பேறிவிட்டோம்’ என்று கத்துகிறது. அறையே அதைத் திருப்பிச் சொல்கிறது. ‘புறப்படத் தயார்’ என்கிறது மீண்டும். அறை திருப்பிச் சொல்கிறது. திரும்பிப் பார்த்தால், தேவாலயத்துக்கு அணிந்துவரும் பெரிய தொப்பியோடு ஒரு பெண்மணி. எடித் சைல்ட்ஸ் என்ற உள்ளூர்க் கவுன்சிலர். தன் கூட்டத்தில் தன்னையே ஒருவர் ஓரங்கட்டிவிட்டாரே என்று முதலில் திகைத்ததாகவும், சில நிமிடத்தில் தனக்கே உற்சாகம் ஏறியதாகவும் ஒபாமா சிரித்துக்கொண்டே சொல்கிறார். நம்பிக்கை ஊட்டப் போனவருக்கு இருபது பேர் கொண்ட அறை ஊட்டி அனுப்பிய கதை அது.

அந்தக் கோப்பில் மட்டும் கத்தரி படவில்லை. ஆள் மாறியதோ, நேரம் போதவில்லையோ, கூட்டத்தின் ஒலி முழுவதும் அப்படியே இருக்கிறது: இரவுக் காற்று ஒலிவாங்கியில் மோதுவது, எங்கோ ஓர் ஆள் சிரிப்பது, கடைசியில் திடல் முழுவதும் அவரோடு சேர்ந்து கத்துவது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கேட்டபோது, 2008-ஆம் ஆண்டின் சாப்பாட்டு அறைக் காபி நினைவுக்கு வந்தது.

பொருளாகப் பார்த்தால், பென் டிரைவின் மூடி இரண்டாம் நாளே தொலைந்துபோகும் அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. என் காரின் ஒலிக்கருவி அதை ஏற்றுக்கொண்டது, வகுப்பறையின் பழைய கணினி ஏற்கவில்லை. கையேட்டின் ஆங்கில மூலம் பிழையில்லாமல் இருக்கிறது; எழுத்தின் அளவும் கண்ணுக்கு இதம். ஃபிலடெல்ஃபியா, மனாசஸ் ஆகிய இரண்டுக்காக மட்டுமே 650 ரூபாய் தரலாம் என்பவர் வாங்கலாம். மற்ற உரைகளின் வெட்டப்படாத பதிவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பதிப்பகத்துக்கு எழுதிய கடிதத்தில், கூட்டத்தின் ஒலியை நீக்கியது ஏன் தவறு என்பதை இரண்டு பக்கத்தில் விளக்கி, எட்டாவது கோப்பில் மட்டும் அது மிஞ்சியிருப்பதைச் சுட்டிக்காட்டியிருந்தேன். ஒரு வாரத்தில் கண்ணியமான பதில் வந்தது. எட்டாவது கோப்பில் இரைச்சல் நீக்கம் விடுபட்டதைத் தெரிவித்தமைக்கு நன்றி என்றும், அடுத்த பதிப்பில் அதுவும் முழுமையாக நீக்கப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். ஆகவே வாங்க விரும்புபவர்கள் இப்போதைய பதிப்பு விற்றுத் தீர்வதற்குள் வாங்கிக்கொள்வது நல்லது.